ஜனவரியில் இறங்கும் கிணறு

எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே துடைப்பமும் பழைய செருப்புகளும் கிடக்கும் சிறு அலமாரி ஒன்று உண்டு. மின்மீட்டர் அதற்குள்தான் இருக்கிறது. 2022 இலையுதிர் காலத்தில் ஒரு காலை, எலக்ட்ரீஷியன் ஒருவர் கைவிளக்கோடு அதற்குள் தலையை நுழைத்தார். மின்சாரக் கார் வாங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது. வாசல் சுவரில் 7 கிலோவாட் சார்ஜர் மாட்ட வந்திருந்தார். அரை நாள் வேலை என்று சொல்லியிருந்தார்கள். தலையை வெளியே எடுத்தவர், “இந்த ஃபியூஸ் பெட்டியிலிருந்து இன்னொரு கேபிள் சுவருக்குள் போகிறதே, பார்த்திருக்கிறீர்களா?” என்றார்.

பதினோரு ஆண்டுகளாக அந்த வீட்டில் இருக்கிறேன். துடைப்பத்தை எடுக்கும்போதெல்லாம் கண்ணில் பட்டிருக்க வேண்டும். பார்த்ததில்லை.

விஷயம் இதுதான். லண்டனின் வடமேற்கில் ஹாரோ பகுதியில், 1930-களில் கட்டிய ஒட்டு வீடுகளில் ஒன்று எங்களுடையது. அந்தக் காலத்தில் செம்பு மிச்சம் பிடிக்க, தெருக் கேபிளிலிருந்து ஒரு வீட்டுக்கு மட்டும் இணைப்பு கொடுத்து, அந்த வீட்டுக்குள்ளிருந்தே அடுத்த வீட்டுக்கு ஒரு கிளையை இழுத்துவிடுவார்கள். எங்களுக்கு வந்த கேபிளிலிருந்துதான் பக்கத்து வீட்டுக் குஜராத்திப் பாட்டியின் வீடும் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் இதற்குக் கொக்கி போடுவது என்று பெயர். பறக்கும் படை வந்தால் அபராதம். இங்கே கம்பெனியே கொக்கி போட்டுக் கொடுத்து, அது தொண்ணூறு ஆண்டுகளாக முறையான இணைப்பாக இருந்திருக்கிறது.

எலக்ட்ரீஷியன் பெட்டியை மூடிக்கொண்டு கிளம்பினார். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே கேபிள். பாட்டியின் வீட்டில் மின்சார ஷவர் இருக்கிறது. திறந்தால் 9 கிலோவாட். எங்கள் அடுப்பும் ஷவரும் காரும் அவருடைய ஷவரும் ஒரே நேரத்தில் ஓடினால் அந்தப் பழைய கேபிள் தாங்காது. பிரித்துத் தரச் சொல்லி மின்விநியோக நிறுவனத்துக்கு எழுத வேண்டும் என்றார். எழுதினேன். படம் கேட்டார்கள், அனுப்பினேன். அதே படத்தை மறுபடி கேட்டார்கள், மறுபடி அனுப்பினேன். இப்படி ஐந்து மாதம். கடைசியில் தோண்ட வந்தபோது, பாட்டியின் ரோஜாப் பாத்தி வழியாகத்தான் குழி போகும் என்று தெரிந்தது. “செடிகளை நீயே திரும்ப நட்டுத் தருவதாக இருந்தால் தோண்டட்டும்” என்றார். நட்டேன். ஆறில் நான்கு பிழைத்தன.

இந்தக் கதையை அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னேன். அப்பா ஒட்டன்சத்திரம் பக்கம் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். காரைப் பற்றியோ விலையைப் பற்றியோ அவர் கேட்கவில்லை. “தெருவுக்கு டிரான்ஸ்பார்மர் எத்தனை கே.வி.ஏ.?” என்றுதான் கேட்டார். குழி தோண்ட வந்தவர்களிடம் விசாரித்திருந்தேன்: 500. (கே.வி.ஏ. என்பது ஏறத்தாழ கிலோவாட்தான்.) “எத்தனை வீடு?” ஏறத்தாழ 230. அப்பா மனக்கணக்குப் போட்டார். “வீட்டுக்கு இரண்டு கிலோவாட்டும் சில்லறையும். நீ ஒருத்தனே ஏழு கேட்கிறாய்.”

அதுவரை நானும் எல்லோரையும் போல, நாடு முழுக்க மின்சாரக் கார் வந்தால் மின்சாரம் போதுமா என்ற கேள்வியை வருடக் கணக்கில்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். எத்தனை மின்நிலையம் வேண்டும், எத்தனை காற்றாலை வேண்டும் என்று. அப்பா கேட்டது வேறு கேள்வி. இந்த மூன்று ஆண்டுகளாக அதைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறேன்.

எங்கள் வீட்டு ஃபியூஸ் 60 ஆம்ப்ஸ். கணக்குப்படி 14 கிலோவாட் வரை இழுத்துக்கொள்ள எனக்கு உரிமை உண்டு. தெருவில் 230 வீடும் தங்கள் உரிமையை ஒரே நொடியில் கேட்டால் 3,200 கிலோவாட். டிரான்ஸ்பார்மரோ 500. அப்படியானால் ஏமாற்றுகிறார்களா? இல்லை, பந்தி நடத்துகிறார்கள். ஆயிரம் பேருக்குப் பத்திரிகை வைக்கிறோம். மண்டபத்தில் இலை போட இடம் இருநூறு பேருக்குத்தான். எல்லோரும் முதல் பந்திக்கே முந்த மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் கல்யாணமே நடக்கிறது. கெட்டில் 3 கிலோவாட், ஆனால் மூன்று நிமிடம். ஷவர் 9, ஆனால் எட்டு நிமிடம். ஒருவர் எழுந்தால் இன்னொருவர் உட்கார்ந்துகொள்ளலாம். நூறாண்டுகளாக உலகத்தின் எல்லாத் தெருக்களிலும் கேபிளின் தடிமனை இந்த நம்பிக்கையை வைத்தே முடிவு செய்திருக்கிறார்கள்.

கார் உட்கார்ந்தால் எழுந்திருக்காத விருந்தாளி. காலி பேட்டரியோடு வந்தால் ஏழு, எட்டு மணி நேரம் 7 கிலோவாட்டை விடாமல் இழுக்கும். 2013 முதல் 2015 வரை பிரிட்டனில் ‘மை எலெக்ட்ரிக் அவென்யூ’ என்றொரு ஆய்வு நடந்தது. ஒரே தெருவாசிகளுக்கு மின்சாரக் கார்களைக் கொடுத்து என்ன ஆகிறதென்று பார்த்தார்கள். நூற்றுக்கு 40 முதல் 70 வீடுகள் வெறும் 3.5 கிலோவாட் சார்ஜரை வைத்துக்கொண்டாலே, நாட்டின் தெருக் கேபிள்களில் 32 விழுக்காட்டை மாற்றவோ வேறு வழி செய்யவோ வேண்டியிருக்கும் என்பது அவர்கள் கண்டது. இன்று மாட்டுவதெல்லாம் அதைப்போல இரு மடங்கு.

இதோடு நிறுத்தினால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் காருக்கு ஒரு நல்ல குணம் உண்டு. இங்கே ஒரு சராசரிக் கார் வருடத்துக்கு 11,000 கிலோமீட்டர் சொச்சம் ஓடுகிறது. அதற்கு 2,000 யூனிட் போதும், அதாவது நாளொன்றுக்கு ஆறு யூனிட்கூட வேண்டாம். ஒரு மணி நேர வேலை. அந்த ஒரு மணி நேரத்துக்காக இரவு முழுவதும் வாசலில் சும்மா நிற்கிறது. கடைசிப் பந்தியில் உட்காரச் சொன்னாலும் கோபித்துக்கொள்ளாத விருந்தாளி வேறு யார் இருக்கிறார்கள்?

நாடு முழுவதற்கும் இந்தக் கணக்கை விரித்துப் பார்த்தேன். பிரிட்டனில் ஏறத்தாழ 3.4 கோடிக் கார்கள். எல்லாமே மின்சாரத்துக்கு மாறினால் வருடத்துக்கு 6,800 கோடி யூனிட். பெரிய எண்தான். ஆனால் 2005 வாக்கில் இந்த நாட்டின் மின்தேவை 40,000 கோடி யூனிட்டைத் தொட்டு, அதன்பின் இறங்கிக்கொண்டே வந்து 32,000 கோடிக்கு அருகில் நிற்கிறது. குண்டு பல்புகள் போயின, நல்ல குளிர்பெட்டிகள் வந்தன, ஆலைகள் பல மூடப்பட்டன. அந்தக் காலியிடத்தில் எல்லாக் கார்களும் அடங்கிவிடும். உச்சத் தேவையும் 2002-இல் 62,000 மெகாவாட். அண்மைக் குளிர்காலங்களில் 47,000-க்குப் பக்கம். கார்கள் அனைத்தும் இரவு எட்டு மணி நேரத்தில் பரவலாகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டால் கூடுதல் சுமை 23,000 மெகாவாட். நள்ளிரவில் நாட்டின் தேவை மாலை உச்சத்தைவிட வெகுவாகக் குறைவு என்பதால், கூட்டினாலும் 2002-இன் உச்சத்தைத் தாண்டாது.

அதே கார்களில் பத்தில் ஒன்று மட்டும், வேலை முடிந்து வந்த கையோடு மாலை ஆறு மணிக்கு ஒன்றாகச் செருகப்பட்டால்? 34 லட்சம் கார்கள், தலைக்கு 7 கிலோவாட்: 24,000 மெகாவாட். அது 47,000-இன் தலையில் ஏறும். இரவில் நாடு முழுவதும் ஏற்றிக்கொள்ளும் அளவை மாலையில் பத்தில் ஒரு பங்கே தின்றுவிடுகிறது.

ஒரே நொடியில் எல்லோரும் சுவிட்சைப் போடுவது இந்த நாட்டுக்குப் புதிதல்ல. 1990 ஜூலை 4 அன்று உலகக் கோப்பைக் கால்பந்து அரையிறுதியில் மேற்கு ஜெர்மனியிடம் பெனால்ட்டியில் இங்கிலாந்து தோற்றது. ஆட்டம் முடிந்ததும் நாடே எழுந்து போய்க் கெட்டிலைத் தட்டியது. சில நிமிடங்களில் 2,800 மெகாவாட் எகிறியது. வேல்ஸில் மலைக்குள் குடைந்து வைத்திருக்கும் டினோர்விக் நீரேற்று மின்நிலையம் இப்படிப்பட்ட நேரங்களில் சில நொடிகளில் விழித்துக்கொள்ளும். தேநீருக்காக ஒரு மலையைக் குடைந்தவர்கள் என்று அப்பாவிடம் சொன்னால் சிரிக்கிறார்.

அப்பாவுக்கு இந்த நொடியைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் பக்கம் அப்போதெல்லாம் பாசனக் கிணறுகளுக்கு மும்முனை மின்சாரம் சில மணி நேரம்தான் வரும். எந்த நேரம் வரும் என்று காத்துக்கிடக்க முடியாமல், விவசாயிகள் மோட்டாருக்கு ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டிவிட்டு வீட்டில் தூங்குவார்கள். இரவு பதினொன்றுக்கு மின்சாரம் வந்ததும் அந்த டிரான்ஸ்பார்மரைச் சார்ந்த மோட்டார்கள் எல்லாம் ஒரே நொடியில் கிளம்பும். ஓடும்போது இழுப்பதைப்போல ஐந்தாறு மடங்கை மோட்டார் கிளம்பும்போது இழுக்கும். டப்பென்று ஃபியூஸ் போய்விடும். அப்பா டார்ச்சும் கட்டிங் பிளையருமாகச் சைக்கிளில் கிளம்புவார். கடைசியில் அலுத்துப்போய்த் தோட்டம் தோட்டமாகப் போய் அவரே முறை வைத்தார்: நீ உடனே போடு, நீ ஐந்து நிமிடம் கழித்துப் போடு, நீ பத்து நிமிடம் கழித்து.

பிரிட்டனில் 2022 ஜூன் 30 முதல், வீட்டுக்கென விற்கும் ஒவ்வொரு கார் சார்ஜரும் தொடங்கும்போது பத்து நிமிடத்துக்குள் ஏதோ ஒரு நேரம் தானாகத் தாமதித்தே தொடங்க வேண்டும் என்று விதி இருக்கிறது. எத்தனை நொடி என்பதைச் சார்ஜரே குலுக்கல் முறையில் முடிவு செய்யும். வார நாட்களில் காலை எட்டு முதல் பதினொன்று வரையும், மாலை நான்கு முதல் பத்து வரையும் சார்ஜ் ஏற்றாதபடி முன்கூட்டியே அமைத்துத்தான் விற்க வேண்டும். வேண்டுமானால் நாம் மாற்றிக்கொள்ளலாம். இதைச் சொன்னபோது அப்பா, “நான் சைக்கிளில் போய்ச் செய்ததற்கு அங்கே சட்டமே போட்டிருக்கிறார்களா?” என்றார். குரலில் லேசான பெருமிதம்.

மலிவு இரவுக் கட்டணம் வேறொரு சிக்கலைக் கொண்டுவருகிறது. பல திட்டங்களில் இரவு 12.30-க்கு விலை சரிகிறது. எங்கள் தெருவில் ஒன்பது கார்கள் இருக்கின்றன. தூக்கம் வராத ஒரு நாள், சன்னல் வழியே பார்த்தேன். 12.30-லிருந்து 12.40-க்குள் வாசல்களில் சார்ஜர்களின் பச்சை விளக்குகள் நீலமாக மாறிக்கொண்டே வந்தன. குலுக்கல் வேலை செய்கிறது, நாட்டின் மின்கட்டமைப்புக்கு அதிர்ச்சி இல்லை. ஆனால் 12.41-க்கு எல்லாமே ஓடிக்கொண்டிருந்தன. முதல் பந்திக் கூட்டத்தை அப்படியே கடைசிப் பந்திக்கு அனுப்பினால் கடைசிப் பந்தியில் நெரிசல். ஒன்பது காருக்கு 63 கிலோவாட், தாங்கும். தொண்ணூறு கார் வரும்போது, எந்தக் காரை எப்போது ஏற்றுவது என்பதை விநியோகிப்பவரே வண்டி வண்டியாகப் பிரித்துக்கொடுக்கும் திட்டங்கள் தேவைப்படும். அவை ஏற்கெனவே வந்துவிட்டன. நானும் அப்படியொன்றுக்கு மாறிவிட்டேன். காலை ஏழு மணிக்குக் கார் தயாராக இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன். இடையில் எப்போது ஏற்றுகிறார்கள் என்று பார்ப்பதுகூட இல்லை.

அதனால் காரைப் பற்றி எனக்குக் கவலை தீர்ந்துவிட்டது. தீராதது வேறொன்று.

2024 ஜனவரியில் எங்கள் எரிவாயு பாய்லர் உயிரை விட்டது. வெளியே உறைபனி. மூன்று நாள் கம்பளிக்குள் உட்கார்ந்து மனைவியோடு விவாதித்ததில், வெப்பப் பம்பு போடுவது என்று முடிவாயிற்று. அரசு 7,500 பவுண்டு மானியம் தருகிறது. வீட்டுப் பின்புறம் ஏ.சி.யின் வெளிப்பெட்டியைப் போல, அதைவிடப் பெரிதாக ஒன்று வந்து உட்கார்ந்தது. ரேடியேட்டர்கள் பாதியை மாற்றினார்கள். முதல் மாதம் முழுக்க மனைவி ரேடியேட்டரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பாய்லர் இருந்தபோது கை வைத்தால் சுடும், இப்போது வெதுவெதுப்புத்தான். “இது ஓடுகிறதா இல்லையா?” என்பார். ஓடுகிறது, ஓய்வே இல்லாமல் மெதுவாக ஓடுகிறது.

அப்பாவுக்கு இதை விளக்குவது எளிதாக இருந்தது. பம்பு என்ற சொல்லே போதும். கிணற்றுப் பம்பு தண்ணீரை உண்டாக்குவதில்லை. கீழே இருப்பதை மேலே ஏற்றுகிறது. இதுவும் சூட்டை உண்டாக்குவதில்லை. வெளிக்காற்றில், அது எவ்வளவு குளிர்ந்திருந்தாலும், கொஞ்சம் சூடு இருக்கத்தான் செய்கிறது. அதை இறைத்து வீட்டுக்குள் விடுகிறது. அதனால்தான் ஒரு யூனிட் மின்சாரம் கொடுத்தால் இரண்டே முக்கால், மூன்று யூனிட் சூடு கிடைக்கிறது. பிரிட்டனில் 742 வீடுகளில் பம்பு பொருத்திப் பார்த்த அரசின் சோதனையில் காற்றுவழிப் பம்புகளுக்கு நடுமட்ட அளவு 2.8 வந்தது.

“கிணறு இறங்கினால்?” என்று கேட்டார் அப்பா.

அந்தக் கேள்வியை அவர் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கோடையில் நீர்மட்டம் இறங்க இறங்க, அதே வாளித் தண்ணீருக்கு மோட்டார் அதிகம் உழைக்க வேண்டும். இங்கே கிணறு இறங்குவது ஜனவரியில். வெளியே குளிரக் குளிர, சூட்டை இன்னும் ஆழத்திலிருந்து இறைக்க வேண்டியிருக்கிறது. அதே சோதனையில் மிகக் குளிரான நாட்களில் நடுமட்ட அளவு 2.44-ஆக இறங்கியது. பயந்த அளவுக்கு இல்லை, நல்ல செய்திதான். ஆனால் கோடையில் எங்கள் ஊரில் நடந்தது என்ன? கிணறு இறங்குகிற மாதத்தில்தான் பயிருக்கும் தாகம் அதிகம். எல்லாத் தோட்டத்திலும் ஒரே நாளில் நீர்மட்டம் இறங்கும், எல்லா மோட்டாரும் அதிக நேரம் ஓடும். நீ பத்து நிமிடம் கழித்துப் போடு என்று சொல்ல அங்கே வழியில்லை. குளிரும் அப்படித்தான். ஹாரோவில் உறைபனி என்றால் பர்மிங்ஹாமிலும் லீட்ஸிலும் உறைபனி. 230 வீட்டுக்கும் ஒரே இரவில் ஒரே பசி.

முதல் பந்திக்கு எல்லோரும் வந்தே தீரும் விருந்து அது.

பிரிட்டனில் 700 வெப்பப் பம்புகளை அளந்து பார்த்து 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இந்த நெரிசலுக்கு ஓர் எண் கொடுத்தது. பல வீடுகளைச் சேர்த்துச் சராசரி எடுத்தால், உச்ச நேரத்தில் ஒரு பம்புக்கு 1.7 கிலோவாட். ஐந்தில் ஒரு வீடு மாறினாலே நாட்டின் மாலை உச்சம் 7,500 மெகாவாட் கூடும், 14 விழுக்காடு. காரைப் போல ஏழு இல்லையே, 1.7-தானே என்று தோன்றலாம். ஆனால் கார்கள் முறை வைத்துக்கொள்ளும். இந்த 1.7 எல்லா வீட்டிலும் ஒரே மாலையில் வந்து நிற்கும். இரண்டு கிலோவாட்டும் சில்லறையும் என்று அப்பா போட்ட கணக்கில் பெரும்பகுதியை அதுவே விழுங்கிவிடும்.

இவ்வளவு நாள் இந்தப் பசியை யார் தீர்த்தார்கள்? தரைக்கடியில் போகும் எரிவாயுக் குழாய். அதன் அளவை அறிந்தபோது நான் கொஞ்சம் திகைத்துத்தான் போனேன். 2018 மார்ச் 1 அன்று, கிழக்கிலிருந்து பெரும்பனி வீசிய மாலையில், வீடுகளும் சிறு நிறுவனங்களும் இழுத்த எரிவாயு ஏறத்தாழ 2,14,000 மெகாவாட்டுக்குச் சமம். அன்றைய மின்சார உச்சம் 53,000. நான்கு மடங்கு. இத்தனை பெரிய ஒரு பூதம் நம் காலடியில் ஓசையின்றி உழைத்துக்கொண்டிருந்தது. அதை ஓய்வுக்கு அனுப்பிவிட்டு அதன் வேலையை மெல்லிய செம்புக் கம்பியிடம் கொடுக்கிறோம். பம்பு ஒன்றை இரண்டரையாக்கித் தருவதால் 2,14,000 அப்படியே வந்து விழாது. பாய்லரை இரவில் அணைத்துவிட்டுக் காலை ஆறுக்கு முடுக்கும் பழக்கமும் பம்போடு போய்விடும். அது நாள் முழுக்கச் சீராக ஓடினால்தான் சிக்கனம். கூர்மையான மலை மழுங்கிய குன்றாகும். ஆனாலும் குன்று குன்றுதான்.

எங்கள் வீட்டுக் கணக்கு இதோ. முன்பு வருடத்துக்கு 3,100 யூனிட். கார் வந்து 2,200 கூடியது, பம்பு வந்து 3,900. மொத்தம் மூன்று மடங்கு. எரிவாயு ரசீது மட்டும் நின்றுவிட்டது. லாபமா என்று உறவினர்கள் கேட்கிறார்கள். 2024 அக்டோபரில் அரசு வரம்பிட்ட விலை மின்சாரம் யூனிட்டுக்கு 24.5 பென்ஸ், எரிவாயு 6.24. நான்கு மடங்கு வித்தியாசம்; பம்போ இரண்டே முக்கால்தான் தருகிறது. ஒரே விலைத் திட்டத்தில் இருந்தால் கொஞ்சம் நஷ்டமே. நேரத்துக்கு ஒரு விலை வைக்கும் திட்டத்தில் இருப்பதால் பிழைத்தேன். பசுமைக்கான வரிச்சுமையை மின்சாரத்தின் தலையில் ஏற்றிவிட்டு, எரிவாயுவை விட்டு மாறுங்கள் என்று மக்களிடம் சொல்வது எந்த ஊர் நியாயம் என்று எனக்குப் புரியவில்லை.

இதே பெட்டி இன்னொரு நாட்டில் நேர் எதிரான வேலையைச் செய்கிறது. ஒஸ்லோவில் எனக்கொரு யாழ்ப்பாணத்து நண்பர் இருக்கிறார். வயதில் மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். வெப்பப் பம்பால் மின்தேவை கூடுவது பற்றி நான் புலம்பியபோது அவர் வியந்தார். “எங்களுக்குக் குறைந்ததே!” நார்வேயில் மின்சாரத்தில் பெரும்பகுதி அருவிகளிலிருந்து வருகிறது. வீடுகளைப் பல தலைமுறையாகச் சுவரில் மாட்டிய மின்சார ஹீட்டரால்தான் சூடாக்கினார்கள். அதில் ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட் சூடுதான். அதன் இடத்தில் பம்பு வந்ததும் வருடத் தேவை குறைந்தது. கட்டடங்களைச் சூடாக்க எண்ணெய் எரிப்பதை 2020 தொடக்கத்தில் தடையும் செய்துவிட்டார்கள். தெருக் கேபிள்கள் ஏற்கெனவே அந்தக் குளிருக்குத் தகுந்த தடிமனில் கிடந்தன. கார்கள் வந்து சேர்ந்தபோது மண்டபம் பெரிதாக இருந்தது. 2024-இல் அங்கே விற்ற புதுக் கார்களில் 88.9 விழுக்காடு மின்சாரக் கார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் சாலையில் ஓடும் மின்சாரக் கார்களின் எண்ணிக்கை பெட்ரோல் கார்களை முந்தியது. விளக்கு அணையவில்லை.

அண்ணன் வீட்டில் இன்னொரு சடங்கும் உண்டு. 2022 ஜூலை முதல் அங்கே கம்பிக் கட்டணத்தின் ஒரு பகுதியை, மாதத்தில் மிக அதிகமாக இழுத்த மூன்று மணி நேரங்களின் சராசரியை வைத்து நிர்ணயிக்கிறார்கள். அந்த மூன்றும் மூன்று வெவ்வேறு நாட்களைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். 5 கிலோவாட்டைத் தாண்டினால் ஒரு படி, 10-ஐத் தாண்டினால் அடுத்த படி. அதனால் அடுப்பு எரியும்போது துணி உலர்த்தி ஓடாது; துணி உலர்த்தி ஓடும்போது கார் ஏறாது. அண்ணி இதற்கு ஒரு கால அட்டவணை எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறார். நான் பார்த்த கட்டணங்களிலேயே இதுதான் அப்பாவின் முறைவைப்புக்கு மிக அருகில் வருவது. விலை யூனிட்டுக்கு இல்லை, நெரிசலுக்கு. ஆனால் 2025 அக்டோபரில் அதே நாட்டு அரசு, எந்த நேரத்தில் இழுத்தாலும் யூனிட்டுக்கு வரியோடு 50 ஓரே (அந்நாட்டுச் சில்லறைக் காசு) என்று ஒரே விலைத் திட்டத்தையும் கொண்டுவந்துவிட்டது. வாக்காளர்களின் கோபத்துக்கு மருந்து. அண்ணன் உடனே சேர்ந்துவிட்டார். படிக்கட்டணம் இன்னும் இருப்பதால் அட்டவணை கதவிலேயே இருக்கிறது; ஆனால் சந்தை விலை எந்த மணியில் ஏறுகிறது என்று பார்ப்பதை அவர் நிறுத்திவிட்டார். மக்களைப் பல ஆண்டு பழக்கிய பழக்கத்தை ஒரு கையெழுத்தில் பாதியாக்கிவிட்டார்கள் என்றே நினைக்கிறேன். அண்ணனோடு இதில் எனக்குச் சண்டை.

2025 ஜனவரி 8-ஆம் தேதி மாலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கடும் குளிர். நாடு முழுக்கக் காற்று செத்துக் கிடந்தது. ஜனவரி மாலையில் சூரியனை எதிர்பார்க்க முடியாது. நாட்டின் கடைசி நிலக்கரி மின்நிலையம் மூன்று மாதம் முன்பு, செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டிருந்தது. கையிருப்பு போதவில்லை என்று மின்கட்டமைப்பை இயக்குபவர்கள் முன்னெச்சரிக்கை விட்டார்கள். சில எரிவாயு நிலையங்களுக்கு ஆயிரக்கணக்கான பவுண்டு விலை கொடுத்து மின்சாரம் வாங்கினார்கள். ஒரு நிலையத்துக்கு ஆயிரம் யூனிட்டுக்கு (ஒரு மெகாவாட்-மணி) 5,000 பவுண்டு. விளக்கு அணையவில்லை. வீட்டுச் சூட்டை இன்னும் பெரும்பாலும் எரிவாயுவே பார்த்துக்கொள்ளும்போது இந்த நிலை. நாடு முழுக்க வெப்பப் பம்புகள் சில லட்சம்தான். எரிவாயு பாய்லர் உள்ள வீடுகள் இரண்டு கோடிக்கு மேல்.

அன்று மதியம் ஒரு மணியிலிருந்தே வீட்டைக் கொஞ்சம் கூடுதலாகச் சூடேற்றி வைத்திருந்தேன். நான்கு மணிக்குப் பம்பைத் தணித்தேன். ஏழு மணிக்குள் உள்ளே ஒரு டிகிரிதான் இறங்கியது. யாரும் கவனிக்கவில்லை. மேற்கூரைக்குள் போன வசந்தத்தில் விரித்த கம்பளிப் பஞ்சுக்கு அதில் பங்குண்டு. எனக்குத் தெரிந்தவரை, குளிரின் பசியைப் பந்தி பிரிக்க இருக்கும் வழி இது ஒன்றுதான்: வீட்டையே ஒரு பாத்திரமாக்கி மதியமே சூட்டை ஊற்றி வைப்பது. ஓட்டையில்லாத பாத்திரமாக இருந்தால் மாலை தாண்டும். காற்றில்லாத குளிர் பத்து நாள் நீடித்தால் தாண்டாது. அதற்கு எரிவாயு நிலையங்கள் சிலவற்றை விற்காமல் மூலையில் வைத்திருக்கத்தான் வேண்டும். வருடத்தில் சில நாள் மட்டும் எரிக்க அவற்றை வைத்துக்கொள்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் தோன்றவில்லை. ஊரில் எல்லோர் வீட்டுக் கொல்லையிலும் அடைமழைக்கென்று ஒரு கட்டு விறகு கிடக்கும்.

2022 குளிர்காலத்தில், மாலை ஒரு மணி நேரம் மின்சாரத்தைக் குறைத்தால் காசு தருகிறோம் என்றார்கள். நாடு முழுக்க 16 லட்சம் வீடுகளும் நிறுவனங்களும் சேர்ந்தன. நாங்களும் சேர்ந்தோம். மனைவி கேட்டார்: “ஆறு மணிக்குச் சாதம் வைக்கக் கூடாது என்றால் பிள்ளைகள் என்ன சாப்பிடுவார்கள்?” ரொட்டியும் பழமும் சாப்பிட்டார்கள். குளிர்காலம் முழுவதற்கும் பன்னிரண்டு பவுண்டு கிடைத்தது. இப்போது அதைப்போலப் பல மடங்கைக் காரும் பம்பும் யாரும் பட்டினி கிடக்காமல் விட்டுக்கொடுக்கின்றன. இதைப் பற்றி வீட்டில் நான் மட்டுமே பேசுகிறேன்.

பாட்டியின் பேரனும் சென்ற மாதம் மின்சாரக் கார் வாங்கினான். அவர்கள் வீட்டில் சார்ஜர் மாட்ட அரை நாள் கூட ஆகவில்லை. தனிக் கேபிள் ஏற்கெனவே ரோஜாப் பாத்திக்கடியில் கிடக்கிறதே. பாட்டி வேலி ஓரம் வந்து, செத்துப்போன இரண்டு செடிகளை நினைவுபடுத்தினார்.

போன வாரம் உறைபனி. மாலை ஆறரைக்குக் குப்பைத் தொட்டியை வெளியே வைக்கப் போனபோது தெருவில் ஆங்காங்கே வெண்புகை எழுந்தது. குளிர்நாளில் வெளிப்பெட்டியில் பனி படியும். அதைக் கரைக்கப் பம்பு சில நிமிடம் திரும்பி ஓடும்போது கோவில் சாம்பிராணி போல ஆவி வரும். நின்று எண்ணினேன். அன்றிரவு அப்பாவிடம் சொன்னேன், எங்களுடையதைச் சேர்த்து மூன்று வீடு என்று.

“மிச்சம் எத்தனை?”

“இருநூற்று இருபத்தேழு.”

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. மனதுக்குள் பெருக்கிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது.

“500 போதாதே. எப்போது மாற்றுகிறார்களாம்?”